உத்திரமேரூர்க் கல்வெட்டின் காலமும் மாத விண்மீன் படமும்

காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் காணப்படும் முதற் பராந்தகசோழன் கல்வெட்டுகள் இரண்டும் தமிழக வரலாறு பயில்வோர் அனைவரும் அறிந்தவை. 1898 ஆம் ஆண்டிற் படியெடுக்கப்பெற்ற நாள்முதல் அவற்றிற் கூறப்படும் குடவோலை முறை, முப்பது குடும்புகள், வாரியங்கள், உறுப்பினர்க்குரிய தகுதிகள் ஆகியன குறித்து அறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அவற்றை மீட்டும் கூறுதல் நம் கருத்தன்று. அக்கல்வெட்டுகளின் காலம் முறையே கி. பி. 919, 921 எனப் பாடநூல்களிலும் ஆராய்ச்சி நூல்களிலும் வழங்குகின்றது. இவ்விரண்டு எண்களும் உத்திரமேரூர்க் கல்லில் இல்லை. அவை எங்கிருந்து பெறப்பட்டன, எவ்வளவு உறுதியுடையன, அவற்றை மதிப்பிடுதற்குத் தமிழ் மாணவர்க்கு வேண்டும் வானறிவு யாது, அதனை மாதந்தோறும் வரையப்படும் விண்மீன் படத்தின் துணைகொண்டு எவ்வாறு பெறலாம் என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் கல்லில் உள்ளதை நோக்குவோம். முதற் கல்வெட்டு, மதுரைகொண்ட பரகேசரிவர்மனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டிற்குரியது. இரண்டாவது, அவ்வேந்தனது பதினான்காம் ஆண்டு, பதினாறாம் நாளுக்குரியது. பரகேசரி என்பது சோழர் பலர்க்கும் உரிய பட்டமேயாயினும், மதுரை கொண்டவன் என்ற அடை பராந்தகனைத் தெளிவாகக் காட்டிவிடுகின்றது. இதற்குமேல் அக்கல்வெட்டுகளிற் காலக்குறிப்பு இல்லை. சகயாண்டில்லை, கலியாண்டில்லை, கிழமை, பிறைநாள், நாண்மீன் என்பனவும் இல்லை. மன்னன் அரியணை ஏறிய நாள் சபையோர் அனைவர்க்கும் தெரிந்ததொன்றாதலின், அந்நாள்முதல் எண்ணிய எண் அவர்க்குப் போதுமானதாயிற்று.

சபையோர் நாளை எண்ணிக் காலங்கணித்தனர் என்பதற்கு மற்றொரு சான்றும் அக்கல்வெட்டிலேயே உண்டு. வாரியப் பெருமக்கள் முந்நூற்றறுபது நாள் பணிசெய்து விலக வேண்டும் என்பது சபையின் முடிபு. முந்நூற்றறுபது என்பது வானத்தோடு பொருந்தாத எண். ஞாயிறு மீன்களிடையே ஒருமுறை சுற்றிவரும் காலத்தினும் அது ஐந்தேகால் நாள் குறைவு. பன்னிரண்டு முழுமதிக் காலத்தினும் ஆறு நாளுக்குச் சற்றுக் குறைய மிகுதி. திங்களுக்கு முப்பது நாளாகப் பன்னிரு திங்களை எண்ணிய நிருவாகக் கணக்கே அது. வரியும் வட்டியும் வாரியமும் இத்தகைய எண்ணிக்கையால் நடப்பதில் வியப்பில்லை. ஆயின் வரலாற்று மாணவனுக்கு இதனால் ஓர் இடர் நேர்கின்றது. எண்ணத் தொடங்கிய நாள் மறக்கப்பட்டபின் எண் மட்டும் நின்று பயனில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு தன் காலத்தைத் தானே கூறவியலாத கல்வெட்டாகிவிடுகின்றது.

அதன் காலத்தைக் கூறுவது வேறொரு கல்வெட்டு. பெண்ணையாற்றங்கரையில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள கிராமம் என்னும் ஊரிற் பராந்தகனது முப்பத்தாறாம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உளது. பராந்தகன் மகன் இராசாதித்தனுடைய படைத்தலைவனாகிய வெள்ளங்குமரன் என்பான் அவ்வூர்ச் சிவன்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தான். அவன் மலைநாட்டினன். கலியுகந் தொடங்கிய நாள்முதல் நாள்களை இடையறாது எண்ணிக் குறிக்கும் வழக்கம் மலைநாட்டிற் பெரிதும் பயின்றது. அவ்வழக்கம் அவனோடு பெண்ணைக் கரைக்கும் வந்தது போலும். கலியாண்டு 4044, கலிநாள் 1477037, சனிக்கிழமை, இரேவதி நாள் என அக்கல்வெட்டு கூறுகின்றது. ஒரு வேந்தனது ஆட்சியாண்டோடு இத்துணைக் குறிப்புகள் ஒருங்கு கிடைப்பது அரிதினும் அரிது.

இக்குறிப்புகளின் உண்மையைப் பட்டியல் எதுவுமின்றியே ஓரளவு சோதிக்கலாம். கலியுகத்தின் முதல்நாள் வெள்ளிக்கிழமை என்பது மரபு. 1477037 என்னும் எண்ணை ஏழால் வகுத்தால் மீதி இரண்டு. வெள்ளியிலிருந்து இரண்டாம் நாள் சனி. கல்லிலுள்ள எண்ணும் கிழமையும் தம்முள் முரணவில்லை. இந்நாள், மேனாட்டு யூலியன் கணக்கில், கி. பி. 943 சனவரி 14 ஆகும். அன்று மதி இரேவதியில் நின்றதா என்பது அடுத்த வினா. நாம் கணக்கிட்டுப் பார்த்த அளவில், அன்று ஞாயிறு எழும்போது மதி இரேவதியின் பிற்பகுதியில் இருந்தது. நண்பகலை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோ அசுவதிக்குட் புகுந்தது. ஒரு நாளின் நாண்மீன் ஞாயிறெழும்போது உள்ளதே என்பது பொதுவிதி. ஆகவே கல்லெழுதியவன் பிழைபடவில்லை.

இனி இதனாற் போதரும் முடிபைக் காண்போம். கி. பி. 943 சனவரி 14 முப்பத்தாறாம் ஆட்சியாண்டிற்குள் அடங்குமாயின், பராந்தகன் முடிசூடியது 907 சனவரி 15 ஆம் நாளுக்கு முற்பட்டதன்று. 908 சனவரி 14 ஆம் நாளுக்குப் பிற்பட்டதுமன்று. பிற கல்வெட்டுகளின் நாட்குறிப்புகளையும் ஒருங்குவைத்து ஆராய்ந்த செருமானிய அறிஞர் கீல்ஹார்ன், இவ்வெல்லையை 907 சனவரி 15 முதல் சூலை 25 வரை எனச் சுருக்கினார். பராந்தகன் 907 இல் ஆட்சிக்கு வந்தான் என்று நாம் எல்லோரும் எழுதுவதன் அடிப்படை இதுவே. அஃதாவது, உத்திரமேரூர்ச் சபையின் வரலாற்றுக் காலம், பெண்ணைக்கரைக் கல்லொன்றிற் குறிக்கப்பட்ட ஒரு நாண்மீனின்மேல் நிற்கின்றது.

இவ்வெல்லையை உத்திரமேரூர்க் கல்வெட்டிற்குப் பொருத்தினால் என்னாகும்? முதலாண்டு 907 இற் றொடங்கின் பதினான்காம் ஆண்டு 920 இற் றொடங்கும். அவ்வாண்டின் பதினாறாம் நாள், 920 சனவரி முடிவிற்கும் ஆகத்து முற்பகுதிக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நாளாதல் வேண்டும். அது 921 ஆதற்கு இடமில்லை. 907 உடன் 14 ஐக் கூட்டி 921 எனக் கொண்டதே வழக்காகிவிட்டது எனத் தோன்றுகின்றது. அங்ஙனமே பன்னிரண்டாம் ஆண்டு, 918 இல் தொடங்கி 919 இல் முடிவது. நாளெண் இல்லாமையால் முதற் கல்வெட்டை இவ்விரண்டனுள் ஒன்றிற்கு உறுதியாக உரிமையாக்கல் இயலாது.

பதினான்கு ஆண்டு நிரம்பியபின் பதினாறாம் நாள் எனப் பொருள்கொண்டால் 921 பொருந்துமே என ஒருவர் கூறலாம். பாண்டியர் கல்வெட்டுகளில் ஓர் ஆண்டிற்கு எதிராமாண்டு என இரட்டையாக எண்ணும் முறை உண்டு என்பதும் உண்மையே. ஆயின் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஆண்டு, வரிசைப்பெயராகப் பதினாலாவது என்றே நிற்கின்றது. வரிசைப்பெயர் நடப்பாண்டைக் குறித்தலே இயல்பு. கிராமக் கல்வெட்டின் முப்பத்தாறையும் நடப்பாண்டாகக் கொண்டுதானே 907 பெறப்பட்டது? ஓரிடத்து நடப்பாண்டாகவும் மற்றோரிடத்து நிரம்பிய ஆண்டாகவும் கொள்ளுதல் முறையாகாது. ஆதலின் 920 என்பதே நம் துணிபு. ஓராண்டு வேறுபாடு சிறிதென்று சிலர் கருதலாம். ஆயின் இரு தீர்மானங்களுக்கும் இடையே கழிந்த காலம் எவ்வளவு, முதல் விதியின் குறை எத்துணை விரைவிற் கண்டு திருத்தப்பட்டது என்னும் வினாக்கட்கு இவ்வாண்டுக் கணக்கே விடை தருவது.

இக்கணக்குகளுக்கெல்லாம் இன்று மாணவர் கையாளுவன பட்டியல்களே. சீவெல், சங்கர பாலகிருட்டிண தீட்சிதர் இருவரும் 1896 இல் வெளியிட்ட இந்தியப் பஞ்சாங்க நூலும், எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை கி. பி. 700 முதல் 1799 வரையுள்ள நாள்களுக்குக் கணித்து 1922 இல் வெளியிட்ட பெருநூலும் கல்வெட்டாராய்ச்சிக்குச் செய்த உதவி அளவிடற்கரியது. ஆயினும் பட்டியலை மட்டுமே அறிந்தவன், குறிப்புகள் ஒத்துவரும்போது ஒத்தன என்று கூறுவான். ஒவ்வாதபோது கல்தச்சன் பிழை என்று கூறி அமைவான். எக்குறிப்புப் பிழைபட்டது, எது பிழைபட்டிருக்க இயலாது என ஆய்ந்துரைத்தற்கு ஞாயிறும் மதியும் நாண்மீன்களும் ஒன்றோடொன்று நிற்கும் நிலை அவன் மனக்கண்ணில் தோன்றுதல் வேண்டும். முதுகலை மாணவருள் இருபத்தேழு நாண்மீன்களின் பெயரை ஒப்பிப்பவர் பலர். வானத்தில் ஐந்தைச் சுட்டிக்காட்டுவோர் சிலரே. பெயரறிந்து பொருளறியா இக்குறையைத் தீர்த்தற்கு எளிய கருவி மாத விண்மீன் படம்.

மாத விண்மீன் படமாவது, ஒரு திங்களில் குறித்த மணிக்கு ஓரிடத்தில் தோன்றும் வான்முழுவதையும் ஒரு வட்டத்துள் அடக்கி வரைந்தது. வட்டத்தின் விளிம்பு தொடுவானம். நடு, நம் தலைக்கு நேர் மேலுள்ள உச்சி. இப்படம் இடத்திற்கேற்ப வேறுபடும் என்பதை மறத்தலாகாது. ஐரோப்பிய, அமெரிக்க நூல்களிலுள்ள படங்கள் பெரும்பாலும் வட அகலாங்கு நாற்பது, ஐம்பது பாகைக்கு வரையப்பட்டவை. உத்திரமேரூர் ஏறத்தாழப் பன்னிரண்டரைப் பாகையில் உள்ளது. அப்படங்களில் வடமீன் வானின் பாதியுயரத்தில் நிற்கும். ஈண்டோ அது தொடுவானிற்கு மேல் பன்னிரண்டரைப் பாகையளவே உயர்ந்து, மரச்செறிவினிடையே மறைந்துவிடக்கூடியது. அகத்தியமீன் அப்படங்களில் இராது. ஈண்டு அது தெற்கே இருபத்தைந்து பாகை உயரத்தில் ஒளிர்வது. தென்னாட்டுக் கல்வெட்டுகளின் நாளைக் கணித்த கீல்ஹார்ன் வாழ்ந்த கோட்டிங்கன் நகரத்தில் அகத்தியமீன் ஒருநாளும் எழுவதில்லை. அவர் அதற்குமுன் பூனாவில் ஆசிரியராயிருந்தவர். ஆண்டு அதனைக் கண்டிருத்தல் கூடும். உத்திரமேரூருக்கு ஏறத்தாழ நேர்மேற்கே, அதே அகலாங்கில், சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் அவ்விடத்தில் அமைக்கப்பட்டதற்குத் தென்வானின் பெரும்பகுதியை ஈண்டிருந்து காணலாகும் என்பதும் ஒரு காரணம்.

படத்தைக் கையாளும் முறையிற் புதியோர் இடர்ப்படுவது திசையிலேயாம். நிலப்படத்தில் வடக்கு மேலாயின் கிழக்கு வலப்புறம். விண்மீன் படத்தில் கிழக்கு இடப்புறம். பிழையெனக் கருதி இதனை மாற்றி வரைந்தாரும் உளர். நிலப்படத்தைக் குனிந்து நோக்குகின்றோம். வான்படத்தைத் தலைக்குமேற் பிடித்து அண்ணாந்து நோக்குதல் வேண்டும். அங்ஙனம் பிடித்து, படத்தின் வடக்கை வடக்கோடு பொருத்தினால் கிழக்கும் மேற்கும் தாமே பொருந்திவிடும். சிவப்புத்தாள் சுற்றிய கைவிளக்கு இருத்தல் நன்று; வெள்ளொளி பட்ட கண் இருளுக்குப் பழகக் கால்மணிக்கு மேலாகும். மீன்கள் நாள்தோறும் நான்கு நிமிடம் முற்பட எழுவதால், ஒரு திங்களில் இரண்டு மணி வேறுபாடு உண்டாகும். தைத்திங்களில் இரவு எட்டு மணிக்குரிய படம் மார்கழியில் பத்து மணிக்கும், மாசியில் ஆறு மணிக்கும் உரியது. இதனை உணர்ந்தவனுக்கு ஒரு படமே பல படமாகும்.

உத்திரமேரூர் போன்ற ஊரில், ஏரிக்கரையில் நின்று இரவு எட்டு மணிக்குக் காண்பவனுக்கு ஆண்டுமுழுதும் வானம் எவ்வாறு மாறும் என்பதைச் சுருங்கக் காண்போம். தைத் தொடக்கத்தில் உச்சிக்குச் சற்று வடக்கே கார்த்திகைக் கூட்டம். அதன் கிழக்கே செந்நிறத்து உரோகிணி. அதற்கும் கிழக்கே மிருகசீரிடமும் திருவாதிரையும். மாசியில் திருவாதிரை உச்சியை நெருங்கும்போது தெற்கே அகத்தியமீன் தன் முழு உயரத்தை எய்தும். பங்குனியிற் புனர்பூசமும் பூசமும், சித்திரையில் மகமும் பூரமும் உத்திரமும் உச்சிப்பகுதிக்கு வரும். வைகாசியில் அத்தமீன், அதற்கு நேர்தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை. ஆனியில் சித்திரையும் சோதியும், ஆடியில் அனுடம் கேட்டை மூலமும், ஆவணியில் பூராடமும் உத்திராடமும், புரட்டாசியில் திருவோணமும் அவிட்டமும் நடுவானுக்குரியன. ஐப்பசி கார்த்திகைகளில் வடகீழ்ப்பருவ மழைமுகில் இப்பகுதி வானத்தை மறைத்துவிடும். ஆயினும் அவ்வான் இழக்கப்பட்டதன்று. ஐப்பசித் தொடக்கத்து எட்டுமணி வானமே ஆனித் தொடக்கத்து வைகறை நான்குமணி வானமும் ஆகும். மார்கழியில் அசுவதியும் பரணியும் வர, வட்டம் நிறைவெய்தும்.

இவ்வட்டத்தின் படமொன்றைத் தமிழர் எழுதுகோலின்றியே வைத்திருந்தனர் எனலாம். சித்திரை முழுமதி சித்திரைமீனிலும், வைகாசி முழுமதி விசாகத்திலும், கார்த்திகை முழுமதி கார்த்திகையிலும், தை முழுமதி பூசத்திலும், மாசி முழுமதி மகத்திலும், பங்குனி முழுமதி உத்திரத்திலும் அல்லது அவற்றிற்கு அண்மையிலும் நிற்கும். முழுமதி ஞாயிற்றிற்கு நேரெதிர் நிற்பது. ஞாயிறு மறையும்போது எழுவது. ஆகவே ஒரு திங்களின் பெயர், அத்திங்களில் அந்திப்பொழுதிற் கீழ்வானில் எழும் மீனின் பெயராகவே பெரும்பாலும் அமைந்துவிடுகின்றது. தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் என விழாப்பெயர்களை வரிசையாகக் கூறுபவன் தன்னையறியாமலே பன்னிரு படங்களின் கீழ்விளிம்பைக் கூறுகின்றான்.

வரலாற்று மாணவர் தம் படங்களை ஆங்கிலத் திங்களுக்கன்றித் தமிழ்த் திங்களுக்கு வரைந்துகொள்ளுதல் வேண்டும் என்பது நம் கருத்து. இது மொழிப்பற்றால் மட்டும் கூறுவதன்று. தமிழ்த் திங்கள் ஞாயிறு மீன்களிடையே நிற்கும் நிலையைத் தழுவியது. ஆங்கிலத் திங்கள் பருவத்தைத் தழுவியது. புவியச்சின் மெல்லிய சுழற்சியால் இவ்விரண்டும் நூற்றாண்டுதோறும் விலகிக்கொண்டே செல்கின்றன. இக்காலத்தில் தை பிறப்பது சனவரி 14 அல்லது 15. கிராமக் கல்வெட்டின் நாளும் சனவரி 14 தான். ஆயின் அன்று தைத்திங்கள் பிறந்து இருபது நாள் கடந்துவிட்டது. யூலியன் கணக்கிற்கும் இன்றைய கிரெகோரியன் கணக்கிற்கும் உள்ள ஐந்து நாளைக் கழித்தும் பதினேழு நாளளவு வேறுபாடு எஞ்சுகின்றது. சனவரிக்கென இன்று வரைந்த படத்தைப் பராந்தகன் காலத்திற்குப் பொருத்தினால் மீன்கள் ஒரு மணிக்கு மேல் இடம்பெயர்ந்திருக்கும். தைக்கென வரைந்த படமோ பெரிதும் பொருந்தும். முற்றும் பொருந்தும் என்று கூறுதற்கில்லை. சித்தாந்த ஆண்டு உண்மையான மீன்வழி ஆண்டினும் ஏறத்தாழ மூன்றரை நிமிடம் நீண்டதாதலின் ஆயிரம் ஆண்டில் இரண்டரை நாளளவு பிசகும். நாண்மீனை இனங்காணும் பணிக்கு இப்பிசகு இடையூறாகாது.

படத்தில் மீன்களை அறிந்தபின் செய்யத்தக்கது, ஒரு திங்கள் முழுதும் மதியின் இடத்தை இரவுதோறும் படத்திற் குறித்துவருதல். மதி இருபத்தேழு நாளும் ஏறத்தாழ எட்டுமணி நேரமும் கொண்டு மீன்வட்டத்தை ஒருமுறை சுற்றும். நாள்தோறும் அது ஒரு நாண்மீனளவு கிழக்கே நகர்தலைக் கண்ணாற் கண்டவனுக்கு, ‘இரேவதி நாள்’ என்ற தொடர் வெறும் பெயராக இராது. சில ஐயங்களும் தாமே எழுந்து தாமே தீரும். உரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய மீன்களை மதி அணுகிச் செல்லும். சிற்சில ஆண்டுகளில் அவற்றை மறைத்தும் செல்லும். சோதிமீனையோ அது ஒருபோதும் அணுகாது. சோதி, மதிசெல்லும் நெறிக்கு முப்பது பாகைக்கு மேல் வடக்கே உள்ளது. திருவோணமும் ஏறத்தாழ அத்துணைத் தொலைவில் உள்ளது. அவ்வாறாயின் கல்வெட்டிற் சோதி நாள் என்றும் ஓணநாள் என்றும் கூறப்படுவதன் பொருள் என்னை? வட்டத்தை இருபத்தேழு சமகூறாக்கி, ஒவ்வொன்றும் பதின்மூன்று பாகை இருபது கலை எனக் கொண்டு, அக்கூற்றில் மதி நிற்கும் நாளை அம்மீனின் பெயரால் வழங்கினர் என்பதே. நாண்மீன் என்பது ஒரு புள்ளியன்று, ஓர் எல்லை. இரேவதிக்குரிய யோகமீன் மிக மங்கலானது; நகர ஒளியில் அதனைக் காணவே இயலாது. நிலவில்லா இரவிற் சிற்றூர் வெளியில் நின்று, படத்தின் துணையாற் றேடிக் காண்பவன், இத்துணை மங்கலான மீனின் பெயரால் ஒருநாள் வழங்கப்பட்டது கணக்கினாலேயன்றிக் காட்சியால் அன்று என்பதை உணர்வான்.

இவ்வுணர்வு கிராமக் கல்வெட்டிற்கும் பயன்படுகின்றது. தைத்திங்களில் இருபது நாள் கடந்து, மதி இரேவதியின் கடைப்பகுதியில் நிற்குமாயின், ஞாயிற்றுக்கும் மதிக்கும் இடைவெளி அறுபத்தைந்து பாகையளவு. அது வளர்பிறை ஆறாம் நாள். கல்லில் இல்லாத பிறைநாளைப் படத்திலிருந்தே பெற்றோம். அன்று அந்தியில் மேல்வானில் உயர நின்ற பிறையை நோக்கிய ஒருவன், அது அசுவதிக்குட் சென்றுவிட்டதைக் கண்டிருப்பான். காலையில் எழுதப்பட்ட இரேவதியைப் பிழை என்று அவன் கூறான். மாலைநிலை ஒன்றையே கணக்கிட்டு அக்கல்வெட்டை ஐயுறும் மாணவன்தான் பிழைபடுவான்.

பிழையுடைய கல்வெட்டுகளிலும் இம்முறை உதவும். சித்திரைத் திங்கள், வளர்பிறை, திருவோணம் என ஒரு கல்வெட்டில் இருப்பதாகக் கொள்வோம். சித்திரையில் ஞாயிறு மேடத்தில் உள்ளது. வளர்பிறை மதி அதற்குக் கிழக்கே அரைவட்டத்துக்குள் நிற்க வேண்டும். அவ்வரைவட்டம் விசாகத்தைக் கடப்பதற்குள் முடிந்துவிடும். திருவோணமோ மகரத்தில் உள்ளது. ஆகவே வளர்பிறை என்ற சொல்லோ, நாண்மீனோ, திங்களோ மூன்றனுள் ஒன்று பிழை. இதனை அறியப் பட்டியலைப் புரட்டவேண்டுவதில்லை.

இலக்கியக் காலவாராய்ச்சியிலும் இத்தகையதோர் இடம் உண்டு. மதுரை எரியுண்ட நாளைச் சிலப்பதிகாரம் ஆடித் திங்கள், தேய்பிறை எட்டாம் நாள், கார்த்திகை, வெள்ளிக்கிழமை எனக் குறிக்கின்றது என்பர். ஆடியை ஞாயிற்றுத் திங்களாகக் கொண்டால், தேய்பிறை எட்டாம் நாளில் மதி ஞாயிற்றிற்கு மேற்கே ஏறத்தாழக் கால்வட்டம் பின்தங்கி நிற்கும். அவ்விடம் கார்த்திகையாதல் ஆடி இருபதாம் நாளுக்குப் பின்னரே கூடும். சுவாமிக்கண்ணுப்பிள்ளை இதற்குக் கண்ட நாளாகிய கி. பி. 756 சூலை 23, ஆடியின் இறுதியிலேயே அமைவதும் வெள்ளிக்கிழமையாதலும் கருதத்தக்கன. இதனாற் சிலப்பதிகாரத்தின் காலம் எட்டாம் நூற்றாண்டு என்று முடிந்துவிடுவதில்லை. இத்தகைய சேர்க்கை மீண்டும் மீண்டும் நிகழ்வது. நூலின் பிற சான்றுகள் அம்முடிபிற்கு இடந்தாராமையின் அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. வானக்குறிப்பு ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளத் துணைசெய்யும். எந்நூற்றாண்டு என்பதை அது தனித்து நின்று கூறாது. கிராமக் கல்வெட்டின் வலிமை, அதில் கலிநாளெண்ணும் உடனிருப்பதால் வந்தது.

பண்டைக் கணியர் வானத்தை நோக்காமலே கணித்தனர் என்று குறைகூறுவாரும் உளர். வாரன் என்பார் 1825 இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலில், சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக்கொண்டு கிரகணத்தைக் கணித்த தமிழ்க்கணியர் ஒருவரைப் பற்றிய செய்தி உளது. எழுதாமலே அத்துணைப் பெருங்கணக்கைச் செய்துமுடித்த திறன் மேனாட்டாரை வியப்பித்தது. எனினும் கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பணி வேண்டுவதே என உணர்ந்து, அதனை மேற்கொண்டவர் சென்னை வானாய்வகத்திற் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார். பஞ்சாங்கக் கணியர் குடியிற் பிறந்த அவர் 1867 இல் ஒளிமாறும் மீனொன்றைக் கண்டறிந்தவர். திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டவர். கல்வெட்டாராய்ச்சியாளர் ஒன்றை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். கல்லெழுதிய காலத்து நாண்மீன் அக்காலச் சித்தாந்தக் கணக்கின் வழிப்பட்டது. நுண்ணிய இற்றைக் கணக்கிற்கும் அதற்கும் சில நாழிகை வேறுபட்டால் கல்லைக் குறைகூறலாகாது.

உத்திரமேரூர் என்ற பெயரை உத்திரமீனோடு இணைத்துக் கூறக் கேட்கின்றோம். கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். உத்தரம் ஈண்டு வடக்கு, வடமேருவே பெயராயிற்று. மேரு, சித்தாந்த நூல்களின்படி, மீன்மண்டிலம் சுழலும் அச்சின் வடமுனை. அம்முனைக்குரியதாக நாம் காட்டும் வடமீன் இன்று அச்சிற்கு ஒரு பாகைக்குட்பட்ட அண்மையில் நிற்கின்றது. பராந்தகன் காலத்தில் அது ஏறத்தாழ ஆறு பாகை விலகி நின்றது. சபை கூடிய அவ்வாண்டுகளில் இவ்வூரிலிருந்து நோக்கினார்க்கு அது இரவில் அசையாது நின்ற மீனன்று. வட்டமிட்டுத் தொடுவானை நோக்கித் தாழ்ந்தும் மீண்டும் உயர்ந்தும் சென்ற மீன்.

இனிச் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. பராந்தகன் முடிசூடிய நாளெல்லை சனவரி 15 முதல் சூலை 25 வரை ஆறு திங்களுக்கு மேல் விரிந்துள்ளது. இவ்வெல்லையைச் சுருக்க வேண்டின், தை முதல் ஆடிவரையுள்ள திங்களொன்றில் எழுதப்பட்டு, ஆட்சியாண்டோடு கிழமையும் நாண்மீனும் பிறைநாளும் உடைய பராந்தகன் கல்வெட்டு வேண்டும். அவ்வொரு நாளில் ஆட்சியாண்டு மாறிவிட்டதா, மாறவில்லையா என்பது தெரிந்தால், எல்லை ஒருபுறத்திற் குறுகும். அத்தகைய கல்வெட்டுகள் நான்கைந்து சேரின், உத்திரமேரூர்ச் சபை தன் திருந்திய விதியை இயற்றிய பதினாறாம் நாள் 920 இல் எத்திங்களில் நிகழ்ந்தது என்பதும், பன்னிரண்டாம் ஆண்டுத் தீர்மானத்தைப் 918 இல் வைப்பதா 919 இல் வைப்பதா என்பதும் இப்போதுள்ளதினும் நெருங்கி அறியப்படும். பிறை, நாண்மீன் குறிப்புகள் சிதைந்துள்ளன என்று ஒதுக்கப்பட்ட பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை, எஞ்சிய எழுத்துகளோடு விண்மீன் படத்தையும் உடன்வைத்து மீண்டும் படித்தல் அதற்கு முதற்படி.